சிங்கப்பூர்த் தமிழ் உதவிக் குழுக்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் ஆகியவற்றில் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கென உதவிக் குழுக்களை நடத்திவரும் உங்கள் அனைவரையும் நோக்கி இம்மடலை எழுதுகிறேன். எந்த ஒரு குழுவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போவது ஏறத்தாழ எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் என்பதே அதற்குக் காரணம். இக்குழுக்கள் சிலவற்றில் நீண்ட காலமாக உறுப்பினராக இருப்பவள் நான். கொடுத்திருக்கிறேன், பெற்றும் இருக்கிறேன். ஆகவே, வெளியே நின்று குறை சொல்பவளின் மடலாக இதைக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிடுகிறேன். இந்நகருக்குப் புதிதாக வந்து இறங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கட்டில், குழந்தையின் தள்ளுவண்டி, மாவு அரைக்கும் கிரைண்டர் என்று வீட்டுக்கு வேண்டியவை பலவும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வந்து சேர்ந்துவிடுகின்றன. செங்காங்கில் இருப்பவர் தள்ளுவண்டியின் படத்தைப் போடுகிறார். ஜூரோங் வெஸ்ட்டில் இருப்பவர் ‘எனக்கு வேண்டும் அக்கா’ என்கிறார். ‘வாசலில் காலணி அடுக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வருகிறது. அப்படி ஒரு வீட்டு வாசலிலிருந்து தொடக்கநிலைத் தமிழ்ப் பயிற்சிப் புத்தகக் கட்டு ஒன்றை நான் எடுத்துவந்திருக்கிறேன். பென்சிலில் எழுதியிருந்த விடைகள் அத்தனையும் பக்கம் பக்கமாக அழிக்கப்பட்டிருந்தன. அழித்த தடம் மட்டும் தாளில் லேசாகத் தெரிந்தது. இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்த இலக்கணப் பயிற்சிகளையும் கருத்தறிதலையும் புதிதாகச் செய்துபார்க்க வேண்டும் என்று நினைத்து அழிப்பானோடு உட்கார்ந்த அந்தப் பெற்றோர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இத்தகைய கொடைக்கு இடம் அமைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

2020-இல் கொவிட்-19 பரவியபோது இக்குழுக்கள் செய்தவற்றையும் மறக்க இயலாது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய தங்கும் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. அதன் பிறகு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் தங்கள் விடுதிகளைவிட்டு வெளியே வர இயலாமல் மாதக் கணக்கில் அறைகளுக்குள் இருந்தனர். அவர்களுள் பலருக்கு ஊரிலிருக்கும் தாயோடும் மனைவியோடும் பேசக் கைத்தொலைபேசி ஒன்றே வழியாக இருந்தது. ‘தம்பி, உன் எண்ணைக் கொடு, டாப்-அப் போட்டுவிடுகிறேன்’ என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டுப் போட்டுவிட்டவர்கள் நம் குழுக்களில் எத்தனையோ பேர். மருத்துவரின் கேள்வியைத் தமிழில் விளக்கியவர்கள், அமைச்சின் அறிவிப்புகளை எளிய தமிழில் எழுதிப் பகிர்ந்தவர்கள், உறங்க முடியாமல் நள்ளிரவில் செய்தி அனுப்பியவருக்கு அந்நேரத்திலும் பதில் சொன்னவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும்.

இவ்வளவு நல்லெண்ணம் சேர்ந்திருக்கும் இடம் என்பதால்தான் இரண்டு செய்திகளை உங்கள் முன் வைக்கத் துணிகிறேன். கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்வது குழுவின் கடமை. ஆனால் பெரும்பாலான குழுக்களில் அது நடப்பதில்லை. பெற்றவரைக் கூட்டத்தின் முன் நிறுத்தி நன்றி சொல்லவைப்பது யாருக்கும் உரிமையில்லாத செயல்; ஆனால் அது தவறாமல் நடக்கிறது. வெளியே வர வேண்டிய கணக்கு உள்ளே இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டிய முகம் வெளியே வருகிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் நம் குழுக்களின் மீதுள்ள நம்பிக்கை பல மடங்கு உறுதிப்படும் என்று நான் உளமார நம்புகிறேன்.

நிதி கோரி வரும் செய்தி எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவரின் படம், ஊர்ப் பெயர், இரண்டு சிறு பிள்ளைகள் என்ற குறிப்பு, பேநவ் (PayNow) என்ற வங்கிச் சேவை வழியாகப் பணம் அனுப்ப வேண்டிய ஒரு கைத்தொலைபேசி எண், ‘இயன்ற அளவு உதவுங்கள், மற்ற குழுக்களுக்கும் பகிருங்கள்’ என்ற முடிவுரை. அடுத்த சில மணி நேரத்துக்கு ‘10 வெள்ளி அனுப்பியுள்ளேன்’, ‘50 வெள்ளி, என் பெயர் வேண்டாம்’ என்று செய்திகள் வந்தவண்ணம் இருக்கும். ஒரு நாள் கழித்து அந்த வேகம் தணியும். பிறகு ஒன்றும் வராது. எவ்வளவு சேர்ந்தது, யார் கையில் கொடுக்கப்பட்டது, சிகிச்சை முடிந்ததா, அவர் ஊர் திரும்பினாரா என்ற எதுவும் கொடுத்தவர்களுக்குத் தெரியவருவதில்லை. அதற்குள் அடுத்த படமும் அடுத்த எண்ணும் வந்துவிடுகின்றன.

நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஓர் ஊழியருக்காகப் பணம் திரட்டினார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு பெரியவர் மிகப் பணிவாக, ‘அந்தத் தம்பிக்கு இப்போது எப்படி இருக்கிறது? மொத்தம் எவ்வளவு கொடுக்க முடிந்தது?’ என்று கேட்டார். ‘எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று பதில் வந்தது. வேறு இருவர் அவரைக் கண்டித்து எழுதினார்கள். அன்று மாலைக்குள் அவர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். அந்தப் பணம் உரியவரிடம் முறையாகவே போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் நான் இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் எந்தக் கணக்கும் கேட்கவில்லை. கொடுப்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது. கணக்குக் கேட்பதை அவநம்பிக்கையாகக் கருதும் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. நம் திருமண வீடுகளில் மொய் எழுதும் மேசையை எண்ணிப் பாருங்கள். கொடுத்தவர் பெயர், ஊர், தொகை எல்லாம் ஊரறிய நோட்டில் ஏறுகின்றன. உறவினர் ஒருவர் எழுத, மற்றொருவர் பணத்தை எண்ணி வாங்குகிறார். அதை யாரும் சந்தேகத்தின் அடையாளமாகப் பார்ப்பதில்லை. இவ்வளவு தெளிவாக எழுதி வைக்கிற மக்கள், கைத்தொலைபேசிக்கு மாறியதும் எழுதுவதையே கைவிட்டது வருத்தம் தருகிறது.

நம்பிக்கை ஒரு முறை உடைந்தால் அதன் சேதம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை இந்நாடு கண்டிருக்கிறது. 2005 ஜூலையில் தேசிய சிறுநீரக அறநிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, அதன் தலைமை நிர்வாகி பெற்றுவந்த ஊதியமும் சலுகைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கானோர் மாதந்தோறும் அளித்துவந்த நன்கொடையை நிறுத்தினார்கள். சில நாள்களுக்குள் நிர்வாகக் குழுவே பதவி விலகியது. இரத்தச் சுத்திகரிப்புக்காக அந்த நிலையங்களுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நோயாளிகள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். ஆனால் கொடை குறைந்தபோது கவலைப்பட வேண்டியிருந்தது அவர்கள்தாம். 2007-இல் அறநிறுவன மன்றம் அமைக்கப்பட்டு, நிர்வாக நெறிமுறைகள் வகுக்கப்பட்டதற்கு அந்த நிகழ்வு ஒரு முக்கியக் காரணம். கைத்தொலைபேசியில் இயங்கும் நம் குழுக்களுக்கு அத்தகைய மன்றம் எதுவும் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் தோள்களில் இருக்கிறது.

சிறு தொகைகளைச் சேர்த்துப் பெரிய செயல்களைச் செய்வது சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புதிதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி நிலைபெற வேண்டும் என்பதற்காகத் தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு நிதி திரட்டியபோது, துறைமுகத்திலும் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். தாங்கள் ஒருபோதும் காலடி வைக்கப்போகாத ஒரு பல்கலைக்கழகத்துக்காக அவர்கள் கொடுத்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். அவர்களின் பேரப்பிள்ளைகளும், அண்மையில் இங்கு வந்து சேர்ந்த நாமும் இன்று பேநவ் வழியாக அனுப்பும் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் அதே மதிப்பு உண்டு. அவற்றை அனுப்புவோரில் பலர் தாங்களே விடுதியில் இருந்துகொண்டு, ஊருக்கு அனுப்பும் பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கொடுப்பவர்கள். அந்தப் பத்து வெள்ளி எங்கே போயிற்று என்று சொல்வதுதான் அவர்களுக்குக் காட்டும் மரியாதை.

நான் வேண்டுவது பெரிய தணிக்கை அறிக்கை அன்று. நிதி கோரும் செய்தி வந்த அதே குழுவில், திரட்டல் முடிந்த பின் ஒரு செய்தி போதும்: மொத்தம் சேர்ந்தது இவ்வளவு, மருத்துவமனைக் கட்டணத்துக்கு இவ்வளவு, குடும்பத்தாரின் வங்கிக் கணக்குக்கு இவ்வளவு, மீதம் இருந்தால் அது யாரிடம் இருக்கிறது. பற்றுச்சீட்டில் நோயாளியின் பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்துவிட்டுப் படத்தைப் போடலாம். இயன்றவரை பணத்தை இடையிலிருப்பவர் கணக்கில் சேர்க்காமல், குடும்பத்தாருக்கோ மருத்துவமனைக்கோ நேரடியாகச் சேரும்படி செய்யலாம். ஒருவர் வாங்க, வேறொருவர் சரிபார்க்க என்று இரண்டு பேர் இருந்தால் வாங்குபவருக்கே அது பாதுகாப்பு. பழி வரும்போது துணை நிற்க ஆள் இல்லாமல் மனமுடைந்து போன நல்ல நிர்வாகிகள் சிலரை நான் அறிவேன்.

இத்தகைய தெளிவு இல்லாத இடத்தில் வஞ்சகர்கள் நுழைவது எளிது. 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளிக்கும் மேல். பதிவான சம்பவங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. நல்லவர்களின் இரக்கத்தைப் பயன்படுத்திக்கொள்பவன் நம் மொழியிலேயே பேசுவான், நம் ஊர்ப் பெயரையே சொல்வான், ‘அண்ணே’ என்றுதான் அழைப்பான். படத்தை வேறெங்கிருந்தோ எடுத்து எண்ணை மட்டும் மாற்றிப் போடுவது சில நொடி வேலை. ஆகவே ஒரு கோரிக்கை உங்கள் குழுவுக்குள் வருவதற்கு முன், உங்களுள் ஒருவராவது அக்குடும்பத்தாரிடமோ உடன் தங்கியிருப்பவரிடமோ பேசியிருக்க வேண்டும். பேசினேன் என்று குழுவில் சொல்லவும் வேண்டும். சரிபார்க்காத கோரிக்கைக்கு, ‘இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திவைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஐயம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

இதனோடு தொடர்புடைய சட்டத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வெளிநாட்டில் நடைபெறும் அறப்பணிகளுக்காக இங்குள்ள பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஊரில் வெள்ளம், புயல் என்றதும் உடனே எண்ணைப் போட்டு வசூலிக்கத் தொடங்கும் குழுக்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இணையவழி நிதி திரட்டும் தளங்களுக்கென ஆணையர் அலுவலகம் 2018-இல் நடத்தைக் கோட்பாடு ஒன்றையும் வெளியிட்டது. அதை ஏற்றுக்கொண்ட தளங்கள் வழியாகத் திரட்டினால், கோரிக்கையைச் சரிபார்க்கும் சுமையில் ஒரு பங்கு உங்களிடமிருந்து இறங்கும்.

இனி, எனக்கு நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் செய்திக்கு வருகிறேன். உணவுப் பொட்டலத்தையோ மளிகைப் பையையோ வாங்கும் ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்கிறோம். பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கொடுப்பவர் கேமராவைப் பார்க்கும்போது தாமும் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் தரையைப் பார்த்து நிற்கும் அந்த முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில குழுக்களில் படத்தோடு நிற்பதில்லை. பெற்றவர் நன்றி சொல்லும் காணொளியையும் கேட்கிறார்கள். ‘நன்கொடையாளர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும்’ என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. நன்கொடையாளருக்கு நம்பிக்கை வர வேண்டியது கணக்கினால். கணக்கைக் காட்ட வேண்டிய இடத்தில் ஒருவரின் கண்ணீரைக் காட்டுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் அதே குழுவில் இருப்பார்கள். சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறேன் என்று தாயிடம் சொல்லிவைத்திருப்பவர், இலவச அரிசிக்கு வரிசையில் நின்ற படம் ஒரு மணி நேரத்தில் ஊருக்குப் போய்விடுகிறது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அது என்ன பேச்சை எழுப்பும் என்பதை நம்மில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணவரை இழந்த பின், பள்ளிச் செலவுக்காக ஒரு குழுவில் உதவி பெற்ற ஒரு தாய் என்னிடம், ‘இனிமேல் எந்தக் கஷ்டம் வந்தாலும் குழுவில் கேட்க மாட்டேன், என் மகள் படிக்கும் பள்ளியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள்’ என்றார். அவர் நன்றி மறந்தவர் அல்லர். உதவிய ஒவ்வொருவரின் பெயரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் வேண்டியதெல்லாம், தம் பிள்ளையின் முகம் அந்தச் செய்தியில் வராமல் இருந்திருக்கலாம் என்பதே.

இன்னும் ஒரு படி மேலே போய், ‘ஆதாரம்’ என்ற பெயரில் வேலை அனுமதி அட்டையின் படத்தையே குழுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர், அடையாள எண், முதலாளியின் பெயர் எல்லாம் அதில் தெரிகின்றன. தேவையின்றி அடையாள எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் நிறுவனங்களுக்கே நெறிமுறை நடப்பில் இருக்கும் நாட்டில், நாம் ஒரு தொழிலாளியின் அட்டையைப் பல நூறு பேர் இருக்கும் குழுவில் விரித்துக் காட்டுகிறோம். அதைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். பழைய செய்திகளில் இருப்பவற்றையும் முடிந்தவரை நீக்குங்கள்.

நன்றி என்பது பெற்றவரிடமிருந்து தானாக வரும். வராமலும் இருக்கலாம், அது அவரவர் மனத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது. வேலையிழந்த காலத்தில் குழுவில் உதவி பெற்ற ஒருவர் அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று சிலர் குறைபட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, புதிதாக வந்தவர்களின் கேள்விகளுக்கு அதே குழுவில் மிக அதிகமாகப் பதில் சொன்னவர் அவர்தாம். எந்தப் பேருந்தில் ஏறினால் விடுதிக்குப் போகலாம், தேக்காவில் எந்தக் கடையில் பணம் அனுப்பக் கட்டணம் குறைவு, பல் வலிக்கு எங்கே போகலாம் என்று இரவுப் பணி முடித்து வந்தும் பொறுமையாக எழுதினார். உதவி பெற்ற அன்றே அவரைக் காணொளியில் நன்றி சொல்லவைத்திருந்தால் அவர் குழுவில் நீடித்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

பணத்தைப் பற்றியே இதுவரை எழுதினேன். ஆனால் நம் குழுக்களில் மிகப் பெரிய கொடை, தெரிந்ததைச் சொல்லித் தருவதுதான் என்பது என் கருத்து. சரியான ஒரு செய்தி, திரட்டிய ஆயிரம் வெள்ளியைவிடப் பெரிய உதவியாக அமைவது உண்டு. ஓர் ஊழியர் இறந்துவிட்டார், உடலை ஊருக்கு அனுப்பப் பணம் வேண்டும் என்ற கோரிக்கை வந்தவுடன் நாம் வசூலில் இறங்கிவிடுகிறோம். வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளின்படி அடக்கம், தகனம், அல்லது உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். வேலையின்போது நேர்ந்த இறப்பு என்றால், வேலையிடக் காயங்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் குடும்பத்துக்கு இழப்பீடும் உண்டு. மருத்துவமனைச் செலவு என்றால், வேலை அனுமதி பெற்றவர்களுக்கு முதலாளி எடுத்துவைக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. இவற்றை அறிந்த ஒருவர் குழுவில் இருந்து, ‘முதலில் முதலாளியிடம் கேட்டீர்களா? வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் பேசினீர்களா?’ என்று கேட்டால், சட்டப்படி குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேரும். திரட்டும் பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும்.

சம்பளப் பாக்கியிலும் இப்படித்தான். ‘கொஞ்ச நாள் பொறுத்துப் பார் தம்பி’ என்று அன்போடு சொல்லப்படும் அறிவுரை ஒருவரின் உரிமையையே இல்லாமல் ஆக்கிவிடக்கூடும். டாடெம் (TADM) எனப்படும், வேலைச் சச்சரவுகளைத் தீர்க்க உதவும் முத்தரப்பு அமைப்பிடம் சம்பளக் கோரிக்கையைப் பாக்கி ஏற்பட்டதிலிருந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும். வேலையிலிருந்து விலகியவர் என்றால், கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் பதிய வேண்டும். இது தெரியாமல் சொல்பவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆகவே, தவறான தகவலைத் திருத்துபவரை ‘பெரிய வக்கீல் வந்துவிட்டார்’ என்று கேலி செய்யும் வழக்கத்தை நீங்கள் குழுவில் அனுமதிக்கக் கூடாது. திருத்தியவருக்கு நன்றி சொல்லுங்கள். அந்த நன்றியைப் பொதுவில் சொல்வதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

இரத்த தானச் செய்திகளையும் இங்கே சொல்ல வேண்டும். ‘அவசரம், ஓ நெகட்டிவ் தேவை’ என்று ஊரிலிருந்து பரவிவரும் செய்திகள் தேதியோ இடமோ இல்லாமல் நம் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் நோயாளியின் குடும்பத்தார் தாமே கொடையாளரைத் தேடி அழைத்துவர வேண்டிய முறை இல்லை. சுகாதார அறிவியல் ஆணையத்தின் இரத்த வங்கியிலிருந்து மருத்துவமனைகளுக்கு இரத்தம் செல்கிறது. கொடையாளர்களைத் திரட்டும் பணியைச் சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் செய்கிறது. அந்தப் பழைய செய்தியைப் பகிர்வதற்குப் பதிலாக, ஊட்ரம் இரத்த வங்கிக்கு இந்த வாரம் யாரெல்லாம் வருகிறீர்கள் என்று ஒரு நிர்வாகி கேட்டால், அந்த நல்லெண்ணம் ஒரு நோயாளியிடம் போய்ச் சேரும்.

முகம் தெரியாதவர்களை நம்பலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. தமிழ் இணையத்தின் வரலாற்றில் பெரும்பகுதி முகம் தெரியாதவர்களின் கொடைதான். 1995-இல் இங்கு நம் எழுத்தாளரும் ஆய்வாளருமான நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியதும், 1998-இல் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரத் தொடங்கியதும், 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும், 2015-இல் சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டித் தன்னார்வலர்கள் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னூலாக்கித் தேசிய நூலக வாரியம் வழியாக நாட்டுக்கு அளித்ததும் பெரும்பாலும் ஊதியம் எதிர்பாராத உழைப்பால் நடந்தவை. விக்கிப்பீடியாவை நாம் நம்புவது எழுதியவர் யாரென்று தெரிந்ததால் அன்று. எந்தக் கட்டுரையிலும் ‘வரலாறு’ என்ற பகுதியைத் திறந்தால், யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்பது முதல் நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. நாம் உள்நுழைந்திருந்தால், பயனர் கணக்கிலிருந்து செய்யப்பட்ட மாற்றங்களுக்குப் பக்கத்தில் அதைச் செய்தவருக்கு நன்றி தெரிவிக்க ஓர் இணைப்பும் இருக்கிறது. அழுத்தினால் அவருக்குச் செய்தி போய்விடும். அங்கே செயல் முழுவதும் திறந்திருக்கிறது. ஆனால் எழுதியவர் தம் உண்மைப் பெயரையோ முகத்தையோ காட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நம் உதவிக் குழுக்களிலும் இது முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் சுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பகலில் வேலை, இரவில் குழு, இடையே வரும் சண்டைகள், வசைகள் எல்லாவற்றையும் தாங்குகிறீர்கள். உறுப்பினர்களாகிய நாங்கள் உங்களுக்கு நன்றி சொல்வதும் குறைவு, உதவிக்கு முன்வருவதும் குறைவு. கணக்கைச் சரிபார்க்கவும், கோரிக்கையாளரின் குடும்பத்தாரிடம் பேசவும், மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துச் சொல்லவும் ஒவ்வொரு குழுவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டால் வருவார்கள். என் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பலரும் யோசிக்காமல் விட்டுவிடும் ஒன்று. உங்களுள் பலர் வேலை அனுமதியில் இருப்பவர்கள். வேலை முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நாள் திடீரென்று வரக்கூடும். அப்படிச் சென்ற நிர்வாகிகளின் இங்குள்ள எண் செயலிழந்து, குழுவும் ஆளின்றிப் போய், மீதமிருந்த தொகை என்னவாயிற்று என்று கேட்க ஆளும் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, அடுத்த தீபாவளி வசூலைத் தொடங்கும் முன், உங்களுக்குப் பின் குழுவின் பொறுப்பையும் கணக்கையும் ஏற்கப்போகும் இருவரின் பெயரை முடிவு செய்யுங்கள். கையில் மீதமிருக்கும் தொகையைக் குழுவில் எழுதுங்கள். பெற்றவர்களின் படங்களை இனி எடுப்பதில்லை என்ற முடிவையும் அதே செய்தியில் சேர்த்து, குழுவின் மேல்பகுதியில் நிலையாகத் தெரியும்படி வையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து உங்கள் குழு உறுப்பினர் ஒருவர்